மேட்டில் கார் 'கிணுகிணு' என்றால் முதலில் கியரைக் குறையுங்கள்

சேலத்திலிருந்து தர்மபுரிக்கு வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பெட்ரோல் காரில் 'கிணுகிணு' என்று, டப்பாவில் கோலிகுண்டைக் குலுக்குவது போலச் சத்தம் வந்தால், ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் இன்ஜினைப் பிரிக்கச் சொல்லி யாரும் உங்களிடம் பணம் கேட்க வேண்டியதில்லை.

டாப் கியரில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது அழுத்தி மிதித்தால் சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறி, ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ பரவி வருவதற்குள் மிச்சமிருக்கும் பெட்ரோல் தானாக வெடிக்கும். கியர் குறைத்தால் இன்ஜின் வேகமாகச் சுற்றும், பாரம் குறையும். அப்படியும் சத்தம் வந்தால் அடுத்த முறை ஆக்டேன் எண் (தானாக வெடிக்காமல் தாங்கும் திறன்) அதிகமான பெட்ரோல் போட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தம் குறைந்தால் கோளாறு பெட்ரோல் எரியும் விதத்தில்தான்: பிளக், உள்ளே படிந்த கார்பன், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அளவு ஆகியவற்றை மட்டும் பார்க்கச் சொன்னால் போதும். கூலன்ட் மூடியை இன்ஜின் ஆறிய பிறகே திறக்க வேண்டும், தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

டீசல் வண்டிக்கு இது பொருந்தாது. பள்ளத்தில் இறங்கும்போதோ ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போதோ வரும் சத்தம் பெரும்பாலும் சஸ்பென்ஷன் பக்கம், அது வேறு வேலை. நின்ற இடத்திலேயே கனமாக 'டொக் டொக்' என்று அடித்தாலோ ஆயில் விளக்கு எரிந்தாலோ எதையும் சோதிக்க வேண்டாம். ஓரங்கட்டி உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.