ஃபெரட் கவச வண்டி: புதிதாக வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

பிரிட்டனின் டெய்ம்லர் நிறுவனம் 1952 முதல் 1971 வரை தயாரித்த ஃபெரட் இப்போது சேகரிப்பாளர்களின் கொட்டகைகளில் நிற்கிறது. கோபுரமில்லாத மார்க் 1, இயந்திரத் துப்பாக்கிக் கோபுரம் வைத்த மார்க் 2, ஏவுகணை சுமந்த மார்க் 5 என்று குடும்பம் பெரிது. துருவையும் எண்ணெய்க் கசிவையும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவை இதோ.

முன் டயர் இரண்டையும் மாற்றுவது

கார் பழக்கம். ஃபெரட்டைக் கெடுப்பதில் இதற்குத்தான் முதலிடம். எத்தனை முறை சொன்னாலும் அடுத்து வருபவர் அதையே செய்கிறார்.

இந்த வண்டியில் டிஃபரன்ஷியல் (சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கரத் தொகுதி) ஒன்றுதான், நடுவில். அது இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் மட்டுமே பிரிக்கிறது. ஒரே பக்கத்தின் முன், பின் சக்கரங்கள் தண்டுகளாலும் பெவல் பாக்ஸ்களாலும் (சுழற்சியைத் திருப்பிச் சக்கரத்துக்குத் தரும் பல்சக்கரப் பெட்டிகள்) பிணைந்தவை. இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழலும். முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்தது என்று வையுங்கள். விட்டத்தில் 1 செ.மீ. வித்தியாசம் இருந்தாலே, மார்க் 2-இன் 9.00-16 டயரில் ஒவ்வொரு சுற்றுக்கும் 3 செ.மீ. மிஞ்சும், கிலோமீட்டருக்கு 10 மீட்டரைத் தாண்டும். புல்வெளியில் டயர் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தார்ச்சாலையில் வழுக்காது, முறுக்கு தண்டுகளில் ஏறிக்கொண்டே போகும். பெவல் பாக்ஸ் சூடேறும், பல் உடையும்.

பிரேக் பிடித்தது போல வண்டி இழுத்தால் சந்தேகப்படுங்கள். அந்த நிலையில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் சக்கரம் சட்டென்று சுழலும், கை போய்விடும். முதலில் புல்லிலோ சரளையிலோ கொஞ்சம் ஓட்டி முறுக்கை இறக்குங்கள்.

டயரின் சுற்றளவை நாடாவால் அளந்து, ஒத்துப்போகும் இரண்டை ஒரே பக்கத்தில் போடுங்கள். இடமும் வலமும் கொஞ்சம் வேறுபட்டால் டிஃபரன்ஷியல் பார்த்துக்கொள்ளும். காற்றழுத்தமும் ஒரே பக்கத்தில் ஒத்திருக்க வேண்டும். டயர் சரியாக இருந்தாலும் வளைவுகளில் முறுக்கு சேரும்; நீண்ட தார்ச்சாலைப் பயணத்தில் அவ்வப்போது ஓரத்து மண்ணில் இறக்கி ஓட்டுங்கள்.

இடது பெடலைக் கிளட்ச் என்று நினைப்பது

அது கியர் மாற்றும் பெடல். லீவரில் கியரைத் தேர்ந்தெடுத்தபின், தரைவரை ஒரே மிதி, பிறகு விடுங்கள். அரைமிதி மிதித்தால் பெடல் வெளியே எகிறி முழங்காலைப் பதம்பார்க்கும்.

கியரில் போட்டபடி நிற்பது

எஞ்சின் விசையை எண்ணெய் வழியாகக் கியர்பெட்டிக்குக் கடத்தும் ஃப்ளூயிட் ஃப்ளைவீல் வீணாகச் சூடேறும். நியூட்ரலுக்கு வாருங்கள்.

மின்சாரம்

24 வோல்ட். 12 அல்ல.

திசை லீவர்

முன்னோக்கியா பின்னோக்கியா என்று மாற்றும் இந்த லீவரை வண்டி முழுதாக நின்றபின் மட்டும் தொடுங்கள். ஐந்து கியரும் பின்னோக்கியும் வேலை செய்யும் என்பதால் அவசரம் வரும். முதல் கியரோடு நிறுத்திக்கொண்டு, பின்னால் ஒருவரை நிற்கவைத்து வழிகாட்டச் சொல்லுங்கள்.