க்ளோ இன்ஜினைப் பிரித்துக் கோக்கும்போது எந்த எண்ணெய்?

மாதிரி விமானத்தின் சிறிய க்ளோ இன்ஜினை (கனலும் ப்ளக் கம்பியால் எரிபொருளைப் பற்றவைப்பது) பிரித்துச் சுத்தம் செய்து மீண்டும் கோக்கிறவர், எண்ணெயைத் தேடும் முன் அதில் ஊற்றப்போகும் எரிபொருளை நினைத்துப் பார்க்க வேண்டும். இந்த இன்ஜினுக்குத் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. எரிபொருளின் பெரும்பகுதியான மெத்தனாலில் கரைந்து வரும் எண்ணெயே பிஸ்டன் முதல் பேரிங் வரை அனைத்தையும் நனைக்கிறது. வண்டிக்கு ஊற்றும் சாதாரண கனிம எண்ணெய் மெத்தனாலில் கரையாமல் பிரிந்து நிற்கும் என்பதால், எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் எரிபொருளில் கலக்க அது உதவாது.

ஆகவே விளக்கெண்ணெய் அல்லது இதற்கென்றே விற்கும் செயற்கை எண்ணெய் என்று தேர்வு சுருங்கிவிடுகிறது. காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவு குறைந்து இன்ஜின் அதிகமாகச் சூடேறும்போதும் விளக்கெண்ணெயின் படலம் எளிதில் விட்டுப்போகாது; ஆனால் பிஸ்டன்மேல் பழுப்பு நிறப் பூச்சாகப் படியும். செயற்கை எண்ணெய் அழுக்கு வைக்காது, துருவிலிருந்து காப்பதில்தான் பின்தங்கும். பால் பேரிங் இல்லாமல், தண்டைத் தாங்க புஷ் என்னும் உலோக வளையம் மட்டும் வைத்த பழைய இன்ஜினுக்கு 20 முதல் 25 சதவீதம் விளக்கெண்ணெய் கலந்த எரிபொருளையும், பால் பேரிங் இன்ஜினுக்கு இரு எண்ணெய்களும் சேர்ந்து 18 முதல் 20 சதவீதம் உள்ளதையும் நான் தேர்வேன். விளக்கெண்ணெய் என்றதும் நாட்டு மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். ஆமணக்கு விதையை இடித்து நீரில் காய்ச்சி எடுத்ததில் ஈரம் தங்கியிருக்கலாம், விளக்கேற்ற விற்பதில் கலப்பும் இருக்கலாம்.

கோக்கும்போது, எரிபொருளில் உள்ள அதே எண்ணெயைப் பிஸ்டனிலும், அதைத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் இரு முனைகளிலும் ஒவ்வொரு சொட்டு விட்டால் போதும். பேரிங்கில் கிரீஸ் அடைப்பது வீண். மெத்தனால் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை உப்புக் காற்றில் வாழும் நமக்கு, இன்ஜின் ஓடாத நாட்களே பெரிய சிக்கல். மெத்தனால் ஈரத்தை உறிஞ்சும். எரிபொருளில் சேர்க்கும் நைட்ரோமீத்தேன் எரிந்த மிச்சம் அமிலத்தன்மை கொண்டது. ஐப்பசி மழைக்கு முன் அப்படியே அலமாரியில் வைத்த என் இன்ஜின், பொங்கலுக்குத் திருப்பியபோது கரகரத்தது. பிரித்துப் பார்த்தால் பின்பக்கப் பேரிங்கின் குண்டுகளில் செம்பழுப்புப் புள்ளிகள். அதன்பின், பறக்கவிட்ட ஒவ்வொரு நாளும் எரிபொருள் குழாயை நெரித்து, உள்ளிருப்பது தீர்ந்து இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறேன். பிறகு கார்புரேட்டர் வழியே காற்றழுத்தக் கருவிகளுக்கான எண்ணெயை நாலைந்து சொட்டு விட்டு, ப்ரொப்பெல்லரைப் பலமுறை கையால் சுற்றுகிறேன். இது கனிம எண்ணெய்தானே என்று கேட்கலாம். சேமிப்புக்கு அது பொருந்தும், அடுத்த முறை இன்ஜின் எழும்போது அந்தச் சில சொட்டுகள் புகைப்போக்கி வழியே வெளியேறிவிடும். இந்த எண்ணெயைப் பாரிமுனையைச் சுற்றிய கருவிக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம்.

பல மாதம் கழித்து எடுக்கும்போது ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டு இறுகியிருந்தால், காரணம் பெரும்பாலும் காய்ந்து பிசினான விளக்கெண்ணெயாகவே இருக்கும். வலுவில் திருகினால் கனெக்டிங் ராட் வளையும். முடி உலர்த்தும் கருவியால் இன்ஜினின் உடலைச் சூடாக்கி, பிசின் இளகிய பிறகு மெல்லத் திருப்ப வேண்டும்.