குழாய் ஏன் வெடித்தது? ஒட்டுவதற்கு முன் கண்டுபிடிக்கும் முறை

குழாய் வெடிப்புக்குக் காரணம் தேடினால், குளிர்நாட்டு விளக்கம்தான் முதலில் கண்ணில் படும். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருத்துக் குழாயைப் பிளந்துவிடுகிறது. அது அந்த நாடுகளுக்குச் சரி. திருகோணமலையில் தண்ணீர் உறைவதில்லை. ஆனாலும் குழாய்கள் வெடிக்கின்றன. இங்கே வெயில், பம்பி, உப்புக்காற்று, அவசரத்தில் ஒட்டிய மூட்டு ஆகியவைதான் காரணம். எது என்று பார்க்காமல் உடைந்த துண்டை மட்டும் மாற்றினால், கொஞ்ச நாளில் அதற்குப் பக்கத்திலேயே மறுபடி ஒழுகும். உடைவின் தோற்றமே பெரும்பாலும் காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே பசை டப்பாவைத் திறக்குமுன் கீழே உள்ளவற்றைச் செய்யுங்கள்.

படி 1: தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துங்கள்

நம்மூரில் பல வீடுகளுக்குத் தண்ணீர் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் இணைப்பு. மற்றது கிணற்றிலிருந்து பம்பி ஏற்றும் மேல்தாங்கி. நீர்மானிக்குப் பக்கத்திலுள்ள வால்வை மட்டும் பூட்டினால் போதாது, தாங்கியின் அடியிலுள்ள வால்வையும் பூட்டுங்கள். பம்பியின் சுவிட்சை அணையுங்கள். பம்பியின் பக்கம் ஈரமாக இருந்தால் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். நீர்மானிக்கு முன்னால், வீதிப் பக்கத்தில் உடைந்திருந்தால் அது சபையின் வேலை. 1939 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

ஒழுகும் இடமே தெரியவில்லையா? சபை இணைப்பின் வால்வை மீண்டும் திறந்து, எல்லாத் திருகுபைப்புகளையும் பூட்டி, தாங்கி நிரம்பியபின் நீர்மானியைப் பாருங்கள். முகப்பிலுள்ள சின்னச் சக்கரம் அப்போதும் சுழன்றால், மண்ணுக்குள்ளோ சுவருக்குள்ளோ தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது.

படி 2: உடைந்த இடத்தைக் கூர்ந்து பாருங்கள்

குழாய் நெடுக்காகப் பிளந்திருந்தால் முதலில் அழுத்தத்தைச் சந்தேகியுங்கள். 10 மீற்றர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் தரும். உங்கள் தாங்கி 6 மீற்றர் உயரத்தில் இருந்தால் கீழே கிடைப்பது 0.6 பார்தான், நல்ல குழாயை அது ஒன்றும் செய்யாது. எனவே தாங்கியிலிருந்து இறங்கும் குழாய் பிளந்தால், கிழடுதட்டிய குழாயா, தரம் குறைந்த குழாயா என்று பாருங்கள். பம்பிப் பக்கம் கதை வேறு. பம்பியின் தகட்டில் அதிகபட்ச உயரம் 40 மீற்றர் என்றிருந்தால், மேல் வால்வு பூட்டியிருக்கும்போது அது ஓடினால் குழாய்க்குள் 4 பார் வரை ஏறும். சபை இணைப்பில், ஊர் உறங்கும் இரவு நேரத்தில் பாவனை குறைவதால் அழுத்தம் கூடும். தண்ணீர் நின்று திரும்ப வரும்போது உள்ளே அகப்பட்ட காற்றும் குழாயை அடிக்கும். உவர்மலை போன்ற மேட்டில் உள்ள வீட்டைவிட அடிவாரத்து வீட்டுக்கு அழுத்தம் அதிகம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பம்பியின் வாயருகே குழாய் தொய்ந்தோ உப்பியோ இருந்தால், அது கச்சான் காலத்து வியாதி. கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கிணற்று நீர் இறங்கிவிடும். கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் நுனியிலுள்ள அடிவால்வு வெளியே தெரியத் தொடங்கியதும் பம்பி காற்றை இழுக்கும். உள்ளே மிஞ்சிய கொஞ்சத் தண்ணீர் அதே இடத்தில் சுழன்று சுழன்று கொதிக்கும். பி.வி.சி. குழாய் 60 பாகை செல்சியஸுக்கு மேல் தாங்காது. இளகி, திருகு கழன்று, ஒரு நாள் பிய்த்துக்கொண்டு போகும். பம்பி ஓடும்போது அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் காரணம் கையிலேயே இருக்கிறது.

மூட்டிலிருந்து குழாய் முழுசாகக் கழன்று வந்திருந்தால் அதன் முனையைத் துடைத்துப் பாருங்கள். பசை நன்றாகப் பிடித்திருந்தால் மேற்பரப்பு கரைந்து சொரசொரப்பாக இருக்கும். வழவழப்பாகப் பளபளத்தால், ஈரத்தில் ஒட்டியிருக்கிறார்கள் அல்லது முழு ஆழத்துக்குத் தள்ளவில்லை. வெயிலில் கிடக்கும் நீண்ட குழாய்க்கு இன்னொரு சோதனையும் உண்டு. 10 மீற்றர் பி.வி.சி. குழாய் 30 பாகை சூடேறினால் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் நீளும், இரவில் சுருங்கும். அசைய இடமின்றி இரு பக்கமும் இறுக்கியிருந்தால் பலவீனமான மூட்டு விட்டுக்கொடுக்கும்.

நிறம் வெளுத்து, விரலில் வெள்ளைத் தூள் ஒட்டி, தட்டினால் முட்டையோடு போல நொறுங்கினால் அது வெயிலின் வேலை. கூரையோரக் குழாய்களில் இது சாதாரணம்.

திருகுபைப்பு பொருத்திய இடத்தில் வெடித்திருந்தால், பித்தளைத் திருகை வலுவுக்கு மேல் முறுக்கிவிட்டார்கள் என்று பொருள். டெஃப்லான் டேப்பை அளவுக்கு மிஞ்சிச் சுற்றுவதும் அதே கேட்டைச் செய்யும்.

பழைய இரும்புக் குழாய் என்றால் துரு. உப்புவெளி, நிலாவெளி போன்ற கடலோர வீடுகளில் குழாயைப் பிடிக்கும் இரும்புக் கொளுவிகளும் துருப்பிடித்து அறுந்துவிடும். பாரம் முழுவதும் மூட்டில் விழும். மண்ணுக்குள் என்றால், மாரி மழை மணலை அரித்துக் குழாயை வெளியே காட்டியிருக்கிறதா, கூரான கல்மேல் கிடக்கிறதா, வேப்ப வேர் நெருக்குகிறதா, மணல் லொறி மேலே ஏறியதா என்று பாருங்கள்.

படி 3: வெட்டி மாற்றுங்கள்

கண்ணுக்குத் தெரியும் வெடிப்பின் இரு நுனிகளுக்கும் அப்பால் குறைந்தது 5 சென்ரிமீற்றர் தள்ளி வெட்டுங்கள். மயிரிழைக் கீறல் அதற்கு மேலும் ஓடியிருக்கும். வெட்டு நேராக இருக்க வேண்டும். பிசிறைக் கத்தியால் சுரண்டி எடுங்கள். குடிநீருக்கு எஸ்.எல்.எஸ். 147 (இலங்கைத் தர இலக்கம்) என்று அச்சிட்ட அழுத்தக் குழாய் வாங்குங்கள். கழிவுநீருக்கான மெல்லிய குழாயை மலிவு என்று ஒருபோதும் போடாதீர்கள்.

இரு பக்கமும் அசையாத குழாயின் நடுவில் புதுத் துண்டைச் செருகுவதுதான் புதியவர்கள் தடுமாறும் இடம். இரு குழாய்களை இணைக்கும் சாதாரண சொக்கற்றின் உள்ளே நடுவில் ஒரு விளிம்பு இருக்கும். அது குழாய்மேல் முழுதாக வழுக்காது. ஒரு முனையில் யூனியன் (திருகிப் பூட்டவும் கழற்றவும் கூடிய இணைப்பு) போட்டால் சிரமமின்றி இணைக்கலாம்.

பசையில்லாமல் ஒருமுறை பொருத்தி, செருகும் ஆழத்தைப் பேனையால் குறியுங்கள். ஈரத்தை முழுதாகத் துடையுங்கள். இரு பரப்பிலும் மெல்லியதாகப் பசை பூசி, குறி வரை தள்ளி, கால்சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் அசையாமல் பிடியுங்கள். முடிந்தால் ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

படி 4: காரணத்தை நீக்குங்கள்

வெயில் படும் குழாய்க்கு வெளிர்நிற நீர்ப்பூச்சு அடியுங்கள். தின்னர் கலந்த பூச்சு பி.வி.சி.க்கு ஆகாது. பம்பியின் வாயில் ஒரு மீற்றர் இரும்புக் குழாய் போட்டு அதன் பிறகு பி.வி.சி.யைத் தொடங்குங்கள். கிணறு வற்றினால் தானாக நிற்கும் சுவிட்சு, இதற்குச் செலவிடும் பணத்தில் மிகப் பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து. பம்பியிலிருந்து தாங்கிக்கு ஏறும் வழியில் பூட்டு வால்வே வேண்டாம். வெந்நீருக்கு, சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாய்களான சி.பி.வி.சி. அல்லது பி.பி.ஆர். மட்டும்.

படி 5: மெதுவாகத் திறங்கள்

முதலில் வீட்டின் கடைசித் திருகுபைப்பைத் திறந்து வையுங்கள். பிறகு பிரதான வால்வைக் கால்வாசி திறந்து காற்றை வெளியேற்றுங்கள். தண்ணீர் சீறாமல் ஒரே சீராக வந்தபின் திருகுபைப்பைப் பூட்டி, வால்வை முழுதாகத் திறக்கலாம். மூட்டின்மேல் காய்ந்த கடதாசித் துண்டொன்றைச் சுற்றி ஒரு நாள் விடுங்கள். அது நனையாமல் இருந்தால், குழாயைச் சுற்றி முதலில் கல்லில்லாத மணலைப் போட்டுக் குழியை மூடுங்கள்.