கலர் பிரிண்ட் கெட்டு வந்தால் உடனே டிரம்மை மாற்றாதீர்கள்

போன ஐப்பசியில் 6,500 ரூபாய் கொடுத்து என் கலர் ஜெராக்ஸ் மிஷினின் நீல டிரம்மை, அதாவது நீலக் கலருக்கான படம் விழும் உருளையை, மாற்றினேன். மாற்றிய பிறகும் படத்தில் வானம் திட்டுத்திட்டாகத்தான் வந்தது. கடைசியில் பார்த்தால், உறை பிரித்து ஒரு வாரமாகத் திறந்தே கிடந்த பேப்பர் கட்டுதான் காரணம். புதுக் கட்டு போட்டதும் சரியாகிவிட்டது. கழற்றின பழைய டிரம் நல்லதுதான், அலமாரியில் இருக்கிறது.

நாகர்கோவிலில் கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மிஷின் செகண்ட்ஸில் வாங்கியது. அந்த 6,500 போன பிறகு, எதையும் கழற்றுவதற்கு முன்னால் இந்த வரிசையில் பார்க்கிறேன்.

முதலில், குறை காப்பியில் மட்டுமா, கம்ப்யூட்டரிலிருந்து வரும் பிரிண்டிலும் உண்டா? பிரிண்ட் சுத்தமாக வந்து காப்பியில் மட்டும் கோடு விழுந்தால் டோனர் (மைப்பொடி), டிரம் பக்கம் போகவே வேண்டாம். அதே தாளைப் பெரிய கண்ணாடியில் கவிழ்த்து வைத்து ஒரு காப்பி, மேல் ஃபீடரில் போட்டு ஒரு காப்பி எடுங்கள். ஃபீடரில் போட்டால் மட்டும் கோடு என்றால், பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒல்லியான கண்ணாடிப் பட்டையில் ஏதோ ஒட்டியிருக்கிறது. அங்கே தாள்தான் ஓடும், ஸ்கேனர் நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால் கடுகில் பாதி அளவு ஒயிட்னர் துளி இருந்தாலும் தாளின் நீளத்துக்குக் கோடு இழுத்துவிடும். பஞ்சுத் துணியில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போதும். பிளேடு வைத்துச் சுரண்டாதீர்கள்.

பிரிண்டிலும் குறை இருக்கிறதா? அப்படியானால் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று ஒவ்வொரு கலரையும் தனித்தனியாக முழுப் பக்கம் அடித்துப் பாருங்கள். மஞ்சளில் இருக்கும் குறை கண்ணுக்கு லேசில் தெரியாது. செல்போன் டார்ச்சின் மேல் நீல ஜெலட்டின் பேப்பரைச் சுற்றி அந்த வெளிச்சத்தில் பார்த்தால் மஞ்சள் கறுத்துத் தெரியும், எங்கே விட்டுப்போயிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். ஒரே கலரில் மட்டும் குறை என்றால் அந்தக் கலரின் டிரம், டிரம்முக்கு டோனரைக் கொடுக்கும் டெவலப்பர், லேசர் வெளிச்சம் வரும் கண்ணாடி இவற்றில் ஒன்று. நாலு கலரிலும் ஒரே இடத்தில் என்றால் டிரம்மிலிருந்து டோனரை வாங்கித் தாளுக்குக் கொடுக்கும் பெல்ட், டோனரைச் சூட்டில் உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் ஃபியூசர் அல்லது பேப்பர்.

தாள் ஓடும் திசையில் வெள்ளைக் கோடு விழுந்தால் பெரும்பாலும் லேசர் கண்ணாடியில் தூசி. பல மிஷின்களில் முன்கதவைத் திறந்தால் இதைத் துடைக்கவென்றே ஒரு குச்சி இருக்கும். ஒவ்வொரு கலருக்கும் இரண்டு மூன்று தடவை மெதுவாக உள்ளே விட்டு இழுத்தால் போதும். வெள்ளையாக இல்லாமல் கலரிலேயே மெல்லிய கோடு என்றால் டிரம்மில் மிஞ்சும் டோனரை வழித்தெடுக்கும் பிளேடு தேய்ந்திருக்கலாம்.

கோடாக இல்லாமல் புள்ளி திரும்பத் திரும்ப வந்தால் ஸ்கேலை எடுங்கள். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள தூரம்தான் கெட்டுப்போன உருளையின் சுற்றளவு. 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் என்றால் 94 மில்லிமீட்டருக்கு ஒரு தடவை வரும். ஏ3 தாளில் அடித்தால் நாலைந்து புள்ளி கிடைக்கும், அளக்க வசதி. உங்கள் மிஷினில் எந்த உருளைக்கு எவ்வளவு என்று மெக்கானிக்கிடம் ஒரு தடவை கேட்டு, கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இனி பேப்பர். கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. வருஷத்தில் பாதி நாள் எங்கள் பேப்பர் ஈரம் குடித்துக்கொண்டே இருக்கும். ஜெராக்ஸ் என்ற பெயரே 'உலர்ந்த' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். டோனரைப் பெல்ட்டிலிருந்து தாளுக்கு இழுப்பது மின்னேற்றம். தாள் ஈரமாக இருந்தால் அது கசிந்துபோய், டோனர் பாதி ஏறும், பாதி ஏறாது. சந்தேகம் வந்தால் அதே படத்தைப் புதுக் கட்டிலிருந்து எடுத்த தாளில் அடித்துப் பாருங்கள். மீதித் தாளைப் பாலித்தீன் கவரில் சுற்றி வையுங்கள், அன்றைக்குத் தேவையானதை மட்டும் டிரேயில் போடுங்கள்.

நகத்தால் தேய்த்தால் பொடி உதிர்கிறதா? ஃபியூசரைக் குறை சொல்வதற்கு முன் டிரே செட்டிங்கைப் பாருங்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) ஆர்ட் போர்டு அட்டையைப் போட்டுவிட்டு சாதாப் பேப்பர் என்று வைத்திருப்பீர்கள். கனமான பேப்பர் என்று மாற்றினால் மிஷின் மெதுவாக ஓடும். டோனர் உருகி அட்டையில் பிடிக்க அந்த நேரம் வேண்டும். 'சீக்கிரம்க்கா' என்று பையன்கள் அவசரப்படுத்துவார்கள், நிற்கட்டும்.

கலர் காலிபரேஷனை, அதாவது மிஷினே கலர் அளவைச் சரிசெய்துகொள்வதை, கடைசியாகச் செய்யுங்கள். மிஷின் அடித்துத் தரும் சோதனைத் தாளைக் கண்ணாடியில் வைக்கச் சொல்லும் மாடல் என்றால், கண்ணாடி அழுக்கையும் ஈரத் தாளின் திட்டையும் சேர்த்துத்தான் அது கணக்குப் போடும். இருபது பக்கம் ஓட்டிச் சூடேற்றி, கண்ணாடியைத் துடைத்து, புதுத் தாளில் செய்யுங்கள்.

இத்தனைக்கும் பிறகு சரியாகவில்லை என்றால்தான் மெக்கானிக்குக்குப் போன். கெட்ட பிரிண்டுகளைக் கிழித்துப் போடாமல், எந்த டிரே, தாளின் எந்த ஓரம் முதலில் வெளியே வந்தது என்று பென்சிலால் குறித்து வையுங்கள். டிரம்மைக் கழற்ற வேண்டி வந்தால் கறுப்புத் துணியால் மூடி வையுங்கள், வெளிச்சம் ஆகாது. கை ரேகையும் படக்கூடாது. ஃபியூசர் பக்கம் கை வைக்காதீர்கள், அணைத்த பிறகும் நெடுநேரம் சுடும். டோனர் துணியில் கொட்டினால் உதறிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். என் சந்தன நிறச் சுடிதாரின் கையில் மெஜந்தா அப்படியே இருக்கிறது.