மல்டிபிள் மைலோமா ஆய்வுச் செய்திகளைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மல்டிபிள் மைலோமா, எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்களில் (நோய் எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கும் ரத்த வெள்ளணுக்கள்) வரும் புற்றுநோய். சிகிச்சைக்கு நன்றாகவே அடங்கும். ஆனால் பெரும்பாலானோருக்குத் திரும்பியும் வரும். அதனால் ‘நோய் திரும்புவது தள்ளிப்போனது’ என்று ஒரு செய்தி வந்தால், வீட்டில் அதை உடனே ‘ஆயுள் கூடியது’ என்று படித்துவிடுகிறார்கள்.

இரண்டும் ஒன்றில்லை. பெல்லினி என்ற ஆய்வு நல்ல உதாரணம். நோய் திரும்பிய 291 பேர். எல்லோருக்கும் இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் போர்டெசோமிப், டெக்ஸாமெத்தசோன் என்ற இரண்டு மருந்துகள். மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கூடவே வெனெட்டோகிளாக்ஸ் என்ற மாத்திரை, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. நோய் கட்டுக்குள் இருந்த காலம் சுமார் 11 மாதத்திலிருந்து 22 மாதமானது. இதோடு படிப்பதை நிறுத்தினால் கொண்டாடத்தான் தோன்றும். ஆனால் இறந்தவர்களும் வெனெட்டோகிளாக்ஸ் பிரிவில்தான் விகிதத்தில் அதிகம். 2019 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கையே விடுத்தது. சரி, மருந்தே மோசமா? அப்படியும் இல்லை. 11, 14 ஆகிய குரோமோசோம்களின் துண்டுகள் ஒன்றுக்கொன்று இடம் மாறிய வகை மைலோமாவில் அது நன்றாக வேலை செய்தது. ஆக, சராசரியை மட்டும் பார்ப்பதும் தவறுதான்.

அடுத்தது, ‘ரிப்போர்ட் சுத்தம்’ என்றதும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது. மிகத் துல்லியமான மஜ்ஜைப் பரிசோதனைகூட, வழக்கமாக லட்சம் செல்களில் ஒன்று என்ற அளவில்தான் தேடும். அதற்கும் கீழே ஒளிந்திருப்பது அதில் தெரியாது. ஸ்டெம் செல் மாற்றுக்குப் பிறகு நோயை அடக்கி வைக்கும் லெனலிடோமைடு மாத்திரையைத் தொடர்ந்து எடுத்தவர்களுக்கு நோய் அடங்கியிருந்த காலம் 52.8 மாதம், எடுக்காதவர்களுக்கு 23.5 மாதம். மூன்று ஆய்வுகளைச் சேர்த்து 2017-இல் வெளியான கணக்கு இது. இங்கே ஆயுளும் கூடியது. வேறு புற்றுநோய் வரும் அபாயம் கொஞ்சம் ஏறியதும் அதே கணக்கில் இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. அதை மருத்துவரிடம் பேசித் தீர்க்க வேண்டும். மாத்திரையை மறைத்து வைத்து அல்ல.

புது மருந்தை எதோடு ஒப்பிட்டார்கள் என்பதையும் பாருங்கள். பழைய, பலவீனமான சிகிச்சையோடு ஒப்பிட்டால் எதுவும் ஜெயிக்கும்.

அப்புறம் ‘இயற்கை’ப் பொருட்கள். கிரீன் டீயில் உள்ள ஒரு சத்து, போர்டெசோமிப்பைப் பிடித்துச் செயலிழக்க வைத்ததை 2009-இல் செல்களிலும் எலிகளிலும் கண்டார்கள். மனிதர்களில் எவ்வளவு என்பது வேறு கேள்வி. இருந்தாலும் கிரீன் டீ சாறு அடங்கிய மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். எலும்பு வலிக்கு, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய வலி மாத்திரையான இபுப்ரோஃபென் போடுவதும் அப்படித்தான். இந்த நோயில் சிறுநீரகம் ஏற்கெனவே அடி வாங்கிக்கொண்டிருக்கலாம்.