இல்லாமல் போன தொகுதிக்கு ஓட்டுக் கணக்கு எழுதுவது எப்படி

திருச்செங்கோட்டில் ஒரு ரிக் கம்பெனியில் கணக்கு எழுதுவது என் வேலை. வண்டி எங்கோ வட மாநிலத்தில் போர் போட்டுக்கொண்டிருக்கும். டீசல் செலவும் அடிக்கணக்கும் என் மேசைக்கு வந்து சேரும். அது முடிந்த நேரத்தில் பழைய தேர்தல் கணக்கைப் புரட்டுவது என் பொழுதுபோக்கு. ஆபீஸுக்கு வருகிற பையன்கள், "ஏனுங்ணா, நம்மூருக்குன்னு தனியா எம்.பி. இருந்தாருங்களாமா?" என்று கேட்பார்கள். இருந்தார். 1952 முதல் 2004 வரை நடந்த எல்லா மக்களவைத் தேர்தலிலும் திருச்செங்கோடு ஒரு தொகுதி. 2008 தொகுதி எல்லை மறுசீரமைப்பில் கலைத்துவிட்டார்கள். கோபிச்செட்டிபாளையம், ராசிபுரம், பழனி மக்களவைத் தொகுதிகளும் அப்போதே போயின. சட்டமன்றத்தில் வெள்ளகோயில், சத்தியமங்கலம், பொங்கலூர், பேரூர், கபிலர்மலை என்று பட்டியல் நீளும். உங்கள் ஊர்த் தொகுதி இதில் ஒன்றாக இருந்தால், அதன் கணக்கை நீங்களே எழுதிவிடலாம். திருச்செங்கோட்டை வைத்தே வழியைச் சொல்கிறேன்.

எடுத்தவுடன் எந்தத் தொகுதி என்பதைக் கறாராக முடிவு செய்யுங்கள். திருச்செங்கோடு மக்களவைத் தொகுதிதான் போனது. அதே பெயரில் சட்டமன்றத் தொகுதி இன்றும் இருக்கிறது. இணையத்தில் தேடினால் இரண்டும் கலந்துதான் வரும். ஈரோட்டில் இது தலைகீழ்: ஈரோடு என்ற சட்டமன்றத் தொகுதி கிழக்கு, மேற்கு என்று இரண்டாகிவிட்டது, இன்றைய ஈரோடு மக்களவைத் தொகுதி 2009-இல் வந்தது. தாளின் தலைப்பிலேயே 'மக்களவை' என்றோ 'சட்டமன்றம்' என்றோ எழுதிவிடுங்கள். மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்ற 1996 கூத்து சட்டமன்றத் தேர்தலில் நடந்தது. கோரிக்கையை யாரும் காதில் வாங்கவில்லை என்று விவசாயிகள் கூட்டமாக மனுப்போட, வாக்குச்சீட்டு புத்தகமாகவே ஆகி, ஓட்டுப்பதிவும் தள்ளிப்போனது. அதற்குப் பிறகுதான் சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட் 5,000 ஆனது. அன்று அங்கே ஜெயித்த சுப்புலட்சுமி ஜெகதீசன்தான் 2004-இல் திருச்செங்கோட்டின் கடைசி எம்.பி. ஆனார். ஒரே ஆள், பக்கத்துப் பக்கத்து ஊர், ஆனால் இரண்டும் வேறு வேறு கணக்கு.

சரி, எலும்புக்கூட்டை எங்கே எடுப்பது? இந்தியத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் 1951-52 முதல் ஒவ்வொரு பொதுத் தேர்தலுக்கும் புள்ளிவிவர அறிக்கை இருக்கிறது. பிடிஎஃப்-ஆக இறக்கி, உங்கள் தொகுதிப் பக்கத்தை மட்டும் எடுத்தால் வேட்பாளர், கட்சி, வாங்கிய ஓட்டு, மொத்த வாக்காளர், பதிவானது, செல்லாதது எல்லாம் கிடைக்கும். பழைய அறிக்கைகளில் பெயர்களின் ஆங்கில எழுத்து ஆளுக்கொரு விதமாக இருக்கும் என்பதால், தேடும் பெட்டியை நம்பாமல் கண்ணால் பாருங்கள்.

திருச்செங்கோட்டுக்கு நான் எழுதிய வரிசை இது. 1952-இல் பேபி என்கிற எஸ்.கே. கந்தசாமி, சுயேச்சை. 1957, 1962 இரண்டிலும் காங்கிரஸின் ப. சுப்பராயன், குமாரமங்கலம் ஜமீன்தார், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தவர். 1967-இல் தி.மு.க.வின் க. அன்பழகன், ஆம், பேராசிரியரேதான். 1971-இல் தி.மு.க.வின் முத்துசாமி, 1977-இல் அ.தி.மு.க.வின் குழந்தைவேலு, 1980-இல் தி.மு.க.வின் கந்தசாமி, 1984-இல் அ.தி.மு.க.வின் கண்ணன். 1989-இல் கே.சி. பழனிசாமி, 1991-இல் கே.எஸ். சௌந்தரம், இருவரும் அ.தி.மு.க. 1996-இல் தி.மு.க.வின் கே.பி. ராமலிங்கம். 1998-இல் அ.தி.மு.க.வின் எடப்பாடி பழனிசாமி. 1999-இல் ம.தி.மு.க.வின் மு. கண்ணப்பன். 2004-இல் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன்.

இத்தோடு பேனாவை மூடிவிடாதீர்கள். இந்த வரிசையில் ஒரு ஆள் குறைகிறார். சுப்பராயன் 1962-இல் ஜெயித்த கையோடு மகாராஷ்டிர ஆளுநராகப் போய்விட்டார். காலியான இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் தி.மு.க.வின் எஸ். கந்தப்பன் வந்தார். பொதுத் தேர்தல் அறிக்கையில் இடைத்தேர்தல் இருக்காது. அதை மட்டும் பார்த்து எழுதியவர்கள், தி.மு.க. இங்கே முதன்முதலில் ஜெயித்தது 1967 அலையில் என்று எழுதிவிடுகிறார்கள். அலைக்கு முன்பே காங்கிரஸ் இங்கே தோற்றிருந்தது என்பது எவ்வளவு பெரிய விஷயம்! கந்தப்பன் 1967-இல் மேட்டூருக்குப் போய் ஜெயித்தார். இங்கே அன்பழகன் வந்தார். இடைத்தேர்தலைக் கண்டுபிடிக்க எளிய வழி: அந்தந்த மக்களவையின் உறுப்பினர் பட்டியலில் உங்கள் தொகுதிக்கு நேரே இரண்டு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நடுவில் இடைத்தேர்தல் நடந்திருக்கிறது. சட்டமன்றத்துக்கும் இதேதான். கோவை மேற்கில் 1974 இடைத்தேர்தலில் அ.தி.மு.க. ஜெயித்ததை விட்டுவிட்டு அந்தத் தொகுதியின் கதையை எழுத முடியுமா?

இப்போது எக்செல்லைத் திறந்து, கட்சிப் பெயருக்குப் பக்கத்தில் 'யாரோடு கூட்டணி' என்று இன்னொரு பத்தி போடுங்கள். என் கணக்கில் மொத்த வேலைக்கும் உயிர் இந்தப் பத்திதான்.

ஏன் என்று சொல்கிறேன். 1971 முதல் 1991 வரை கட்சிப் பத்தியை மட்டும் படித்தால் தி.மு.க., அ.தி.மு.க., தி.மு.க., அ.தி.மு.க. என்று மாறி மாறி வந்து, பிறகு அ.தி.மு.க.விலேயே நிற்கும். 'நிலையில்லாத தொகுதி' என்று ஒருவர் எழுதிவிடலாம். கூட்டணிப் பத்தியைப் பாருங்கள். 1971-இல் இந்திரா காங்கிரஸ் தி.மு.க.வோடு. 1977-இல் அ.தி.மு.க.வோடு. 1980-இல் மறுபடி தி.மு.க.வோடு. 1984, 1989, 1991 மூன்றிலும் அ.தி.மு.க.வோடு. அதாவது, டெல்லிக் காங்கிரஸ் எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கமே ஆறு தேர்தலிலும் ஜெயித்திருக்கிறது. இத்தனைக்கும் வேட்பாளர் காங்கிரஸ்காரர் இல்லை. 1996-இல் காங்கிரஸ் அ.தி.மு.க.வோடு நின்றது, மூப்பனார் பிரிந்து த.மா.கா. ஆரம்பித்துத் தி.மு.க.வோடு சேர்ந்தார். அந்த வருடம்தான் சங்கிலி அறுந்தது. மாநிலம் முழுக்க ஏறக்குறைய இதே போக்குதான் என்றாலும், உங்கள் தொகுதியில் எங்கே அறுந்தது என்று தேடுவதில்தான் சுவை.

1998, 1999 இன்னும் நல்ல பாடம். 1998-இல் எடப்பாடி ஜெயித்தபோது அ.தி.மு.க., பா.ஜ.க., ம.தி.மு.க., பா.ம.க. எல்லாம் ஒரே பக்கம். அடுத்த வருடம் அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொள்ள வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது. பிறகு தி.மு.க. பா.ஜ.க.வோடு சேர, ம.தி.மு.க. அந்தக் கூட்டணியிலேயே இருந்தது. கண்ணப்பன் எடப்பாடியைத் தோற்கடித்தார். வெறும் கட்சிப் பத்தியில் ம.தி.மு.க.வுக்கு 1998-இல் ஒன்றுமில்லை, 1999-இல் லட்சக்கணக்கில் ஓட்டு. ஊரே ஒரு வருடத்தில் ம.தி.மு.க.வாக மாறிவிட்டதா என்ன?

கட்சிச் சுருக்கங்களிலும் கவனம் வேண்டும். 1957-இல் தி.மு.க.வுக்கு அங்கீகாரம் கிடையாது. அவர்கள் அறிக்கையில் சுயேச்சையாகத்தான் இருப்பார்கள். 1971-இல் என்.சி.ஓ. என்று வந்தால் அது காமராஜர் இருந்த பழைய காங்கிரஸ். ஏ.டி.கே. என்றால் அ.தி.மு.க. 1989 சட்டமன்றத் தேர்தலில் அதற்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஜே.எல். என்றிருந்தால் ஜெயலலிதா அணி, ஜே.ஆர். என்றிருந்தால் ஜானகி அணி.

சதவீதம் போடும்போது வாங்கிய ஓட்டைச் செல்லுபடியான ஓட்டால் வகுங்கள், மொத்த வாக்காளரால் அல்ல. டெபாசிட் போனதா என்று பார்ப்பதும் அதே எண்ணை வைத்துத்தான்: ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். இதற்கு மேல் இதில் பெரிய வித்தை இல்லை.

எல்லைதான் கொஞ்சம் சிக்கல். 1952, 1962, 1972, 2002 சட்டங்களின்படி நான்கு முறை மறுசீரமைப்பு ஆணையம் அமைத்து எல்லையை மாற்றினார்கள். ஒவ்வொரு மாற்றம் நடைமுறைக்கு வந்த இடத்திலும் உங்கள் தாளில் தடித்த கோடு போடுங்கள். எங்கள் தொகுதிக்கு 1957, 1967, 1977 தேர்தல்களுக்கு மேலே ஒவ்வொரு கோடு. கோட்டைத் தாண்டி 'ஐந்து சதவீதம் ஏறியது, இறங்கியது' என்று எழுதினால் அது பொய்க் கணக்கு. மறுசீரமைப்பு ஆணைகளில் தாலுகா, பிர்கா, கிராமம் வரை எழுதியிருக்கும். கடைசி வடிவத்தில் எங்கள் தொகுதி காவிரிக்கு இரண்டு பக்கமும் பரந்து கிடந்தது. கிழக்கே திருச்செங்கோடு, சங்ககிரி, எடப்பாடி, கபிலர்மலை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஈரோடு, மொடக்குறிச்சி. மஞ்சள் மண்டிக்காரரும் ரிக்காரரும் தறிக்காரரும் ஒரே எம்.பி.யிடம் மனுக் கொடுத்த காலம் அது.

இந்த எல்லைச் சிக்கலுக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். அங்கே மாநிலத் தொகுதிகளை அடிக்கடி திருத்துவார்கள், சிலவற்றை ஒழித்தும் விடுவார்கள். ஒழித்த தொகுதியின் ஓட்டைச் சாவடி சாவடியாகப் பிரித்து, புது எல்லைக்குள் விழுவதைக் கூட்டி, 'இந்த எல்லையில் போன தேர்தல் நடந்திருந்தால் யார் எவ்வளவில் ஜெயித்திருப்பார்' என்று ஒரு கற்பனை வித்தியாசம் போடுவார்கள். அடுத்த தேர்தலை அதோடுதான் ஒப்பிடுவார்கள். அவர்களுக்கு ஒரு சௌகரியம்: ஓட்டுப் போடுவது கட்டாயம், சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசையும் இருப்பதால், கடைசியில் இரண்டு பேருக்கு நடுவில் ஊர் எப்படிப் பிரிந்தது என்று தெளிவாகத் தெரியும். நமக்கு அது கிடையாது. ஆனால் சாவடிக் கணக்கு உண்டு. படிவம் 20 என்பது அதுதான். தலைமைத் தேர்தல் அதிகாரியின் தமிழ்நாட்டுத் தளத்தில் தேடுங்கள். மக்களவைத் தேர்தலில் அது சட்டமன்றத் தொகுதி வாரியாக இருக்கும். ஆகவே ஆறு பகுதிகளையும் தனித்தனியாக எழுதி, எது எங்கே போனதோ அங்கே சேர்க்கலாம்.

காகிதத்தில் கிடைக்காததைப் பெரியவர்களிடம் கேளுங்கள். 'எந்த வருடம், எந்தக் கட்சி' என்று ஆரம்பித்தால் குழம்பிவிடுவார்கள். சின்னத்தைக் கேளுங்கள். "எங்கப்பாரு ரெட்டக்காளைக்குத்தானுங் போடுவாரு" என்றால் அது 1969 பிளவுக்கு முந்திய காங்கிரஸ். பசுவும் கன்றும் என்றால் எழுபதுகளின் இந்திரா காங்கிரஸ், ராட்டை என்றால் பழைய காங்கிரஸ், கை என்றால் 1980 முதல். சேவலோ இரட்டைப் புறாவோ வந்தால் 1989 ஜனவரி சட்டமன்றத் தேர்தல்தான், மக்களவை அல்ல. வேட்பாளருக்கு ஒரு பெட்டி என்று தனித்தனியாக வைத்திருந்ததை நினைவு வைத்திருப்பவர் கிடைத்தால், 1952 அல்லது 1957. அவரிடம் அவசரப்படாமல் உட்கார்ந்து பேசுங்கள், இன்று அப்படி ஆள் கிடைப்பதே அபூர்வம்.

2004-க்குக் கீழே இரட்டைக் கோடு போட்டு, தாளை மூன்றாகப் பிரியுங்கள். திருச்செங்கோடும் சங்ககிரியும் நாமக்கல் மக்களவைத் தொகுதிக்கு. கபிலர்மலை போய்ப் பரமத்தி வேலூர் என்று வந்ததும் அங்கேதான். எடப்பாடி சேலத்துக்கு. மொடக்குறிச்சியும் இரண்டு ஈரோடுகளும் ஈரோட்டுக்கு. பள்ளிபாளையம் ஆற்றின் இந்தக் கரையில் இருந்தாலும், புதிதாக வந்த குமாரபாளையம் சட்டமன்றத் தொகுதியோடு ஈரோட்டுக்கே போனது. இந்தப் பத்திகளிலும் கூட்டணியை விடாமல் எழுதுங்கள். ஈரோட்டில் கணேசமூர்த்தி 2009-இல் அ.தி.மு.க. கூட்டணியில் ம.தி.மு.க.வாக ஜெயித்தார். 2019-இல் அதே ஈரோட்டில் அதே ம.தி.மு.க.காரர் உதயசூரியனில் நின்றதால் ஆணையத்தின் அறிக்கையில் தி.மு.க. அதே வருடம் நாமக்கல்லில் ஜெயித்த கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சியின் சின்ராஜும் அறிக்கைப்படி தி.மு.க.தான். நான் இந்த இரண்டு பேருக்கும் கட்சிப் பத்தியில் அறிக்கையில் உள்ளதையே எழுதிவிட்டு, பக்கத்தில் பென்சிலால் அவரவர் கட்சியைக் குறித்து வைத்திருக்கிறேன்.