திருநிறைச்செல்வனுக்கு எத்தனை பைட்?

சிவகாசியில் ஓர் அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகை ஆர்டர் எடுக்கும் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். டேட்டாபேஸ் ஆரக்கிள். பெயருக்கு முன்னால் வரும் அடைமொழிக்கு 50 எழுத்து தாராளம் என்று, நீளம் மாறக்கூடிய எழுத்து வகையான வார்சார்2(50) வைத்தேன். 'திருநிறைச்செல்வி' உள்ளே போய்விட்டாள். 'திருநிறைச்செல்வன்' வாசலிலேயே நின்றுவிட்டான்.

விரல்விட்டு எண்ணினால் செல்வனுக்கு 9 எழுத்துதான். ஆனால் கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் 'தி' என்பது த தனி, கொக்கி தனி. புள்ளியும் தனிக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 17 குறிகள். அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் (சேமிப்பு அலகு), மொத்தம் 51. ஆரக்கிள், நாம் எதுவும் சொல்லாவிட்டால், அடைப்புக்குள் இருக்கும் எண்ணைப் பைட்டாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு பைட் கூடுதல்! செல்விக்கு 48தான். வார்சார்2(50 சார்) என்று மாற்றியதும் மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தார். (இந்தச் 'சார்' மரியாதைச் சார் இல்லை; குறியைச் சொல்லும் 'கேரக்டர்' என்பதன் சுருக்கம்.)

மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற வேறு இரண்டு டேட்டாபேஸ்களிலும் அடைப்புக்குள் இருக்கும் அந்த எண் குறிக் கணக்கு, பைட் இல்லை. இருந்தாலும் விரல் கணக்கை இரண்டால் பெருக்கி வையுங்கள். 'ஸ்ரீ' ஒன்றே 4 குறி விழுங்கும்.

பத்திரிகையின் முழு வாசகத்துக்கு மைஎஸ்க்யூஎல்லில் டெக்ஸ்ட் என்ற வகை போதும். 65,535 பைட், அதாவது 21,845 தமிழ்க் குறிகள். தாய்மாமன்கள் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் அடங்கும். நாவலையே போடுவதென்றால் அதைவிடப் பெரிய மீடியம்டெக்ஸ்ட். ஆனால் தேடவேண்டிய பெயரை டெக்ஸ்டில் வைக்காதீர்கள். முதல் எத்தனை குறிக்கு இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அகரவரிசைப் பட்டியல் மாதிரி) என்று சொல்லாமல் மைஎஸ்க்யூஎல் இண்டெக்ஸ் போட விடாது. பெயருக்கு வார்சார்தான்.

போஸ்ட்கிரெஸ்ஸில் இந்தத் தலைவலி இல்லை. டெக்ஸ்டுக்கும் வார்சாருக்கும் வேகத்தில் வித்தியாசம் கிடையாது. நான் அங்கே கண்ணை மூடிக்கொண்டு டெக்ஸ்ட் போடுவேன். வரம்பு வேண்டுமென்றால், நீளத்தைச் சரிபார்க்கும் விதியான செக் கன்ஸ்ட்ரெய்ண்ட். நீளம் மாறாத வகையான சார்(n) மிச்ச இடத்தை வெற்றிடத்தால் நிரப்பும், எனக்குப் பிடிக்காது. 11 இடம் என்று உறுதியான, வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி மாதிரிக் குறியீட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் என்றால், யூனிகோடு எழுத்துக்கான என்வார்சார் வகை. கட்டளையில் பெயரைச் சுற்றி வரும் மேற்கோளுக்கு முன்னால் N என்ற ஆங்கில எழுத்தையும் போடுங்கள்; மறந்தால் மணமக்கள் பெயர் ????? என்று வரும்.

தொலைபேசி எண்ணும் எழுத்து வகையில்தான். எண் வகையில் வைத்தால் சிவகாசியின் எஸ்டிடி எண்ணான 04562இன் முன் பூஜ்யம் காணாமல் போகும்.

இப்போதெல்லாம் டேபிள் போடுவதற்கு முன் அச்சகத்தில் பழைய பத்திரிகைக் கட்டு ஒன்றை வாங்கி, இருப்பதிலேயே நீளமான பெயரைத் தட்டிப் பார்க்கிறேன். மைஎஸ்க்யூஎல்லில் சார்_லென்த் என்ற கட்டளை குறிகளின் எண்ணிக்கையைச் சொல்லும், லென்த் பைட்டைச் சொல்லும்.